முழுகாத எலிகள்

வடிவாம்பாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. ஒரே அறையில் அவளோடு எட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்த எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேணுகாம்பாள் என்று என் அப்பா ஆசையாக வைத்த பெயர் அவள் வாய்க்கு வரவே வராது. "தே, திருப்புட்குழி" என்பாள். ஊர்ப் பெயரைச் சொல்லி அழைப்பது மாட்டுச் சந்தையில்தான் வழக்கம். நான் முகத்தைச் சுளித்தால், "உன் ஊர்ப் பேருதானே, கெட்ட வார்த்தையா இன்னா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

1971-இல் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். அவள் எனக்கு மூன்று மாதம் முன்னால் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியராகச் சேர்ந்திருந்தாள். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு அவள் செய்த அதிகாரத்தைத் துறைத் தலைவர்கூடச் செய்யவில்லை. செருப்போடு எலி அறைக்குள் போகக் கூடாது, பவுடர் போட்டுக்கொண்டு போகக் கூடாது, இருமக் கூடாது. மாணவர்கள் அவளை எலிக்காரி என்பார்கள். அவள் காதில் விழும்படி சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற சைவக் குடும்பத்துப் பெண் அவள். பதினேழு வயதில் ஆரணியில் கட்டிக்கொடுத்தார்கள். ஏழு வருஷம் பிள்ளை இல்லை. புருஷன் இன்னொருத்தியைக் கட்டி அழைத்து வந்து, இவளையே ஆரத்தி எடுக்கச் சொன்னானாம். தட்டை அவன் காலடியில் கவிழ்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டாள். பிறந்த வீட்டில் அண்ணன் சபாபதி ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே ஒன்றும் சொல்லாத மனிதர். அண்ணி நீலாம்பாள் அவருக்கும் சேர்த்துச் சொன்னாள். பிள்ளை பெறாதவள் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது எதிரே வரக் கூடாது, தறிமேல் கை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள். அறுந்த இழைகளைப் பிணைப்பதில் அந்தத் தெருவிலேயே வடிவாம்பாளுக்கு நிகரான விரல் கிடையாது. அந்த விரலை வைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்க அறையில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரும் அண்ணியும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. நடுச்சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். அடுத்த பக்கம் இருப்பவளுக்குக் கேட்டால் போதும்.

எங்கள் பேராசிரியர் ஆதிகேசவனுக்கு அப்போது ஒரு பெரிய ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்திருந்தது. பெண் எலிக்கு நாலு நாளைக்கு ஒரு தரம் சினைமுட்டை வெளிவரும். அதற்கான உத்தரவு மூளையிலிருந்து போகிறது. மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி. அதற்குக் கீழே குருணை அளவில் பிட்யூட்டரி சுரப்பி. மூளை நரம்புகள் டோபமின், நார்அட்ரினலின் என்று சில ரசாயனங்களை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று பேசுகின்றன. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பிட்யூட்டரி எப்போது எந்த ஹார்மோனை எவ்வளவு விடுவது என்று நடந்துகொள்கிறது. முட்டையை வெளியே தள்ளும் ஹார்மோனை அது விட்டாக வேண்டும், பால் சுரக்கும் ஹார்மோனை அது விடாமல் இருக்க வேண்டும். மூளை அந்த ரசாயனங்களை இழந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் பேராசிரியரின் கேள்வி. அதற்காக ரிசர்ப்பின் என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தார். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுப்பது. மூளையில் சேர்ந்து கிடக்கும் அந்த ரசாயனங்களை அது காலி செய்துவிடும்.

எலி எந்த நாளில் இருக்கிறது என்று தெரிய தினமும் காலையில் ஒவ்வொன்றின் பிறப்புறுப்பிலிருந்தும் ஒரு சொட்டு நீரை உறிஞ்சி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அறுபது எலிகள். எனக்கு அருவருப்பு. அவளுக்கு அப்படியெல்லாம் கிடையாது. இடது கையில் எலியைப் பிடித்தால் அது கத்தக்கூடக் கத்தாது. ஒரே மாதத்தில் செல்களை அடையாளம் காணக் கற்றுக்கொண்டாள். அவற்றுக்குத் தானாகவே பெயரும் வைத்தாள். உருண்டையாக இருந்தால் முத்து. காய்ந்து மடிந்த செதில்களாக இருந்தால் சருகு. பொடிப்பொடியாக இருந்தால் கடுகு. மூன்றும் கலந்திருந்தால் கலப்படம். சருகு வந்த நாளோடு ஒரு சுற்று முடிந்தது என்பது அவள் கணக்கு. அன்றைக்கு ஸ்லேட்டில் அந்த எலிக்கு நேரே "முழுகிட்டா" என்று எழுதுவாள். மாதவிலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொள்கிற பெண்ணைச் சொல்வதுபோல. எலிக்கு மாதவிலக்கே கிடையாது என்று நான் திருத்தினேன். "உன் புத்தகத்துல இல்லன்னா அதுக்கு இல்லையா" என்றாள். அவள் ஸ்லேட்டைப் பார்த்து இங்கிலீஷ் நோட்டில் எழுதுவது என் வேலை.

முதல் பன்னிரண்டு எலிகளுக்கு ரிசர்ப்பின் கொடுத்து எட்டாவது நாள். ஸ்லேட்டில் அவள் எழுதியிருந்தாள்: "பன்னெண்டும் முழுகல." நான் நோட்டில் பன்னிரண்டும் கர்ப்பம் என்று இங்கிலீஷில் எழுதினேன். தமிழ் தெரிந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஆதிகேசவன் நோட்டைப் படித்துவிட்டுப் பேயாட்டம் ஆடினார். ஆண் எலி எப்படிக் கூண்டுக்குள் போயிற்று, யார் கதவைத் திறந்து வைத்தது, ஒரு வருஷ உழைப்பு மண்ணாகப் போயிற்று என்று மாணவர்கள் எதிரிலேயே அவளைக் கிழித்தார். படிக்காததுகளை உள்ளே விட்டால் இப்படித்தான் என்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஆண் எலி எந்த வழியாக வந்தது என்று காட்டுங்கள், நான் வேலையை விட்டுப் போகிறேன் என்றாள். எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். பென்சிலால் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். தான் 'முழுகல' என்று எழுதினதாகவும், 'புள்ளத்தாச்சி' என்று எழுதவில்லை என்றும், சுற்று நின்றுபோனதைத்தான் சொன்னதாகவும்.

நாலு எலிகளை அறுத்துப் பார்த்தோம். குட்டி இல்லை. கருப்பை நூலாக இருந்தது. சூலகம் முழுக்க மஞ்சள் நிறக் கட்டிகள், மார்பில் பால். மூளையின் ரசாயனம் தீர்ந்ததும் முட்டைக்கான உத்தரவு போகவில்லை, பாலை அடக்கிப் பிடித்திருந்த கை விட்டுப்போய்விட்டது. உடம்பு தான் கர்ப்பம் என்று நம்பிவிட்டது. ஆதிகேசவன் குழந்தைபோலக் குதித்தார். எல்லாருக்கும் காபி வாங்கி வரச் சொன்னார். அவளிடம் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. தப்பாக எழுதியது நான்தான் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியும். "எழுதினத எழுதினபடி எழுதத் தெரியாத உனக்கு எம்.எஸ்ஸி. யாரு குடுத்தது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளை வெறுத்தேன். அவள் சொன்னது நியாயமாக இருந்ததால் இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

இது நடந்து ஒன்றரை வருஷம் கழித்து, 1973 பங்குனியில், அவள் ஒரு காலி மாத்திரைப் புட்டியோடு வந்து நின்றாள். எங்கள் அலமாரியிலிருந்து ரிசர்ப்பின் பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சேலைக் கரையில் ஒரு புட்டா மாறினாலும் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு எழுத்தின் உருவம் போதும். இரண்டிலும் ஒன்பது எழுத்து, ஒன்பதும் ஒன்றுதானா என்று கேட்டாள். படித்துப் பார்த்தேன். ஒன்றுதான்.

அந்தப் புட்டி அவள் அண்ணன் மருமகளுடையது. ஏலவார்குழலி. இருபத்திரண்டு வயது. அவள் புருஷன் ஏகாம்பரம் பம்பாயில் ஒரு சேலைக் கடைக்கு வேலைக்குப் போய்ப் பத்து மாதமாகியிருந்தது. அவன் போய் இரண்டு மாதத்தில் அவர்களுடைய மூன்று மாத ஆண் குழந்தை காய்ச்சலில் செத்துப்போயிற்று. அந்தப் பெண் தூங்குவதை விட்டுவிட்டாள். தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சென்னையில் ஒரு டாக்டர் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மாமியார் நீலாம்பாள் காலையும் மாலையும் தன் கையாலேயே அதை அவள் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பெண் தூங்க ஆரம்பித்தாள். பிறகு மாதவிலக்கு நின்றது. அந்த வீட்டில் மூன்று நாள் பெண்கள் கொல்லை அறையில் உட்காருவது வழக்கம், ஆகவே நாலு மாதமாக அவள் உட்காரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். போன வாரம் ரவிக்கை நனைந்து பால் வந்தது. புருஷன் பம்பாயில் இருக்க மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று நீலாம்பாளே முதலில் வாயைத் திறந்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதே பேச்சு.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது. அமாவாசையில் தறி ஓடாது. அன்றைக்குத் தெருப் பெரியவர்கள் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூடி, தாலியை வாங்கிக்கொண்டு அவளைத் துரத்திவிடுவதாகப் பேச்சு. அவளைப் பெற்றவர்கள், எங்கள் வாசலில் கொண்டுவந்து விடாதீர்கள் என்று ஏற்கெனவே சொல்லியனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் காட்டலாமே என்று கேட்டேன். கருவைக் கலைக்கலாம் என்று சட்டம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் கலைத்துவிட்டு வந்தாள் என்பார்கள், வயிறு காலி என்று டாக்டரம்மா சொன்னால் அதையே சாட்சியாக வைப்பார்கள் என்றாள் வடிவாம்பாள். அந்தத் தெருவின் புத்தி அவளுக்குத் தெரியும்.

அவள் ஆதிகேசவனிடம் போய் ஒரே ஒரு சீட்டு கேட்டாள். இந்த மாத்திரை தின்றால் கர்ப்பம் இல்லாமலே பால் வரும், மாதவிலக்கு நிற்கும் என்று துறையின் முத்திரை போட்டு ஒரு சீட்டு. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். எலியில் கண்டதை மனிதருக்குச் சொல்ல முடியாது, அளவு வேறு, உடம்பு வேறு, தன் ஆராய்ச்சி இன்னும் அச்சாகவில்லை, தெருச் சண்டையில் துறையின் பெயர் வரக் கூடாது என்றார். விஞ்ஞானி பேசுகிற பேச்சு மாதிரியே இருந்தது. அதே மருந்தைத் தின்ற பெண்களுக்கு அதே மாதிரி பால் வந்ததாக வெளிநாட்டு டாக்டர்கள் எழுதிய கட்டுரையின் நகல் அவர் மேஜை இழுப்பறையில் இருந்ததை இரண்டு வருஷம் கழித்து நான் பார்த்தேன். மேலே அவர் கையெழுத்தில் குறிப்புகூட எழுதியிருந்தார். அந்த மனிதர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அமாவாசையன்று நான் பிள்ளையார்பாளையம் போனேன். வடிவாம்பாள் மேல் அன்பால் இல்லை. ஆதிகேசவன் மேல் இருந்த எரிச்சல் என்னை பஸ் ஏற்றியது. மண்டபத்தில் ஐம்பது அறுபது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே தெருவில். ஏலவார்குழலியைத் தூண் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். வதங்கிப்போய் இருப்பாள் என்று நினைத்துப் போனேன். அவள் முகம் தெளிவாக இருந்தது. மடியில் பட்டுத் துண்டுகளை வைத்துக் குழந்தைக்கு ஒரு குல்லாய் தைத்துக்கொண்டிருந்தாள். தெருவின் பெரியதனக்காரர், இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று அவளைக் கேட்டார்.

"என் புள்ள திரும்பி வந்துக்கினு இருக்கான் மாமா" என்றாள் அவள்.

யாருடையது என்று கேட்டார். இதென்ன கேள்வி என்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு, தன் புருஷனுடையதுதான், அதே பிள்ளைதான், போனவன் திரும்புகிறான் என்றாள். மண்டபம் கொதித்தது. அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள், இனிமேல் பேச என்ன இருக்கிறது என்று எழுந்தவர்களில் அவளுடைய பெரிய மாமனார் முறை ஆளும் ஒருவர். சபாபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேனே, எதற்கும் ஒன்றும் சொல்லாதவர்.

அப்போதுதான் வடிவாம்பாள் கூண்டோடு உள்ளே வந்தாள். பெண்கள் ஏறாத மண்டபம். கூண்டை நடுவில் வைத்து, மூடியிருந்த பழஞ்சேலையை உருவினாள். கல்லூரியிலிருந்து யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்த வெள்ளை எலி. பிள்ளையார் சன்னதியில் எலியைக் கொல்லப் போகிறாள் என்று ஒருவர் அலறினார். அவள் அதைக் கையில் எடுத்து மல்லாத்தி, மார்பை விரலால் மெதுவாகப் பிதுக்கினாள். வெள்ளையாக ஒரு சொட்டு நின்றது. இந்த எலி பிறந்ததிலிருந்து ஆண் எலியைப் பார்த்ததில்லை, பன்னிரண்டு நாளாக மாத்திரை தின்கிறது, வயிற்றில் குட்டி கிடையாது, சந்தேகம் இருக்கிறவர் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு மாதம் வைத்துப் பார்க்கட்டும் என்றாள்.

"எலியும் பொம்பளையும் ஒண்ணா?" என்று கேட்டான் ஒருவன்.

"இல்ல. எலி இன்னொரு எலியப் பத்திப் பேசாது."

பிறகு என்னைப் பார்த்து, படி என்றாள். நான் அவள் கொடுத்த மாத்திரைப் புட்டியிலும் எங்கள் பாட்டிலிலும் இருந்த பெயரைப் படித்து, இரண்டும் ஒரே மருந்து என்றேன். மூளையில் என்று ஆரம்பித்தேன். உனக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். கல்யாணமாகாத பெண் முழுகுவதையும் பாலையும் பற்றி ஆண்கள் நடுவில் பேசுகிறாளே, எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேள்விகள் வந்தன. இரண்டு பாட்டில்களையும் மாரோடு பிடித்துக்கொண்டு ஒரு மரம்போல நின்றேன். அந்த முகங்கள் ஒன்றையும் நான் மறக்கவில்லை.

வடிவாம்பாள் என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தெருவில் நின்றிருந்த அண்ணியைப் பார்த்துத் திரும்பினாள். சுவர் இல்லாமல் அவளிடம் பேசியது வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"முழுகாம இருக்கான்றது வேற, முழுகலைன்றது வேற. ரெண்டையும் ஒண்ணாக் கட்டினது உங்க வாயி. அந்தப் பால் எவனும் குடுத்தது இல்ல அண்ணி. நீ ரெண்டு வேளையும் ஊட்டின மாத்திரை குடுத்தது."

வடிவாம்பாள் பேச்சை விடவில்லை. மாத்திரையை இன்றோடு நிறுத்துவது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பெண்ணை யாரும் ஆஸ்பத்திரிக்கோ வெளியூருக்கோ அழைத்துப் போகாமல் தெருக் கண்ணெதிரிலேயே வைத்திருப்பது. பால் வற்றி அவள் முழுகினால் அவள் அந்த வீட்டு மருமகள். வயிறு வளர்ந்தால் அவளோடு நானும் தெருவை விட்டுப் போய்விடுகிறேன் என்றாள். பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நியாயத்துக்காக இல்லை. ஒரே செலவில் இரண்டு பேரும் தொலைவார்கள் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஏலவார்குழலி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "என் வயித்துல இருக்கறவன எலின்றியா அத்தே?" என்று கேட்டு, வடிவாம்பாள் முகத்தில் துப்பினாள். வடிவாம்பாள் முந்தானையால் துடைத்துக்கொண்டு கூண்டை மூடினாள்.

மறுநாளே அவளுக்கு வேலை போயிற்று. கல்லூரி எலியைத் திருடிக் கோயிலுக்குக் கொண்டுபோனது குற்றம். அறுபது எலிகளும் என் தலையில் விழுந்தன. எனக்கு முத்துக்கும் சருகுக்கும் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் என் கையில் எலிகள் மிரண்டன, சுற்றுகள் குழம்பின. பதினெட்டு நாளில் நோட்டைப் பார்த்த ஆதிகேசவன் பியூனை அனுப்பி அவளைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. கடைசியில் அவரே ரிக்‌ஷாவில் அவள் தெருவுக்குப் போய், வாசலில் நின்று வேலைக்கு வரும்படி கேட்டார். தண்ணீர்கூடக் கொடுக்காமல் நிற்க வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்றாளாம். அவள் இல்லாத நாட்களில் எலிகள் கெட்டுப்போனதற்கு நாள் முழுவதும் என்னைத் திட்டினாள்.

நாற்பத்தெட்டு நாளும் அவள் அந்தப் பெண்ணை எலிகளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். தினமும் காலையில் தெருப் பெண்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கொல்லை அறைக்குப் போவாள். ரவிக்கையைத் தளர்த்தச் சொல்லிப் பிதுக்கிப் பார்ப்பாள். பால் இருக்கிறது, குறைந்திருக்கிறது, நீர்த்திருக்கிறது என்று சாட்சிகள் கேட்கச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாள். மாத்திரை நின்றதும் அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் மறுபடி போய்விட்டது. கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, வயிற்றில் கை வைத்தபடி சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நான் வடிவாம்பாளைத் தனியாக அழைத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா, அவள் பிள்ளை என்றே நம்பிக்கொண்டிருக்கிறாளே என்றேன். "நம்பட்டும். நம்பினதுக்காக அவள ரோட்டுல விடுவானுங்களா நான் பாத்துக்கினு இருப்பனா" என்றாள். அதில் அன்பு இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் குரலில் எனக்குக் கேட்டது ஆத்திரம் மட்டும்தான்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏகாம்பரம் தந்தி கிடைத்து வைகாசிக் கடைசியில் வந்தான். பெண்டாட்டியை ஏற்றுக்கொண்டான். 75-இல் ஒரு பெண், 77-இல் ஒரு பையன் பிறந்தார்கள். தெருப் பெரியவர்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. ஆதிகேசவனின் கட்டுரை அச்சானது. உதவியவர்களுக்கு நன்றி என்ற இடத்தில் என் பெயரும், மருந்து வாங்கித் தந்த கடைக்காரர் பெயரும் இருந்தன. அந்த மண்டலம் முடிந்து ஆறு வருஷம் கழித்து வடிவாம்பாள் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். கடைசி வாரம்வரை வேலைக்கு வந்தாள். நான் கொண்டுபோன கஞ்சியை உப்பு அதிகம் என்று தள்ளிவிட்டாள்.

இனி அந்த நாள். மண்டலத்தில் நாற்பத்து மூன்றாவது நாள். பால் வற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்று நாள் முன்னால் ஏலவார்குழலி கொல்லை அறையில் உட்கார்ந்தாள் என்று வடிவாம்பாள் என்னிடம் எலிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னாள். அன்று காலை தலைக்கு ஊற்றுகிறார்கள், சாட்சிக்கு வா என்றாள். நான் போனபோது தெருப் பெண்கள் கிணற்றடியில் கூடியிருந்தார்கள். எப்படியாவது ஒரு வயிறு தெரியாதா என்று வந்த கூட்டம்தான் அது. நீலாம்பாளையே வாளி இழுத்து ஊற்றச் சொல்லியிருந்தாள் வடிவாம்பாள். நீலாம்பாள் பதினோரு வாளி ஊற்றினாள். வடிவாம்பாள் கூட்டத்தைப் பார்த்து, "முழுகிட்டா. எல்லாரும் பாத்துக்குங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கூட்டம் கலைந்தது.

நானும் அவளும் பின்பக்க அறை வாசலில் நின்றோம். ஏலவார்குழலி ஈரச் சேலையோடு, தலையைக்கூடப் பிழியாமல், நேராக எங்களிடம் வந்தாள். கண் வறண்டிருந்தது. காலில் விழப்போகிறாள் என்று நினைத்தேன், வெட்கம் கெட்டவள் நான், அந்தக் காட்சியைப் பார்க்க ஆசையாகக்கூட இருந்தது. அவள் விழவில்லை.

"நீ சும்மா இருந்திருக்கலாம் அத்தே. அவங்க தொரத்தியிருந்தா, அவனத் தூக்கிக்கினு எங்கியாவது போயிருப்பேன். இப்ப எனக்கு இருக்கறதுக்கு வீடு இருக்குது. அவன்தான் இல்ல. ரெண்டு தபா சாவக் குடுத்துட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வடிவாம்பாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்து நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கவில்லை. நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட முன்கட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு வடிவாம்பாள் சாகும்வரை அவள் இந்தப் பக்கம் வரவில்லை.